புரதச் சிதைவைத் தடுக்கும் மருந்துகளும் புற்றுநோய் மருத்துவமும்

மனித உடலிலுள்ள புரதங்கள் நிலையானவை அல்ல. அவை உயிரணுக்களில் இடைவிடாது ஆக்கப்படுகின்றன. இடைவிடாது அழிக்கவும் படுகின்றன. ஆக்கப் பணியைப் பற்றி நெடுங்காலமாகவே விரிவான ஆய்வுகள் நடைபெற்று வந்துள்ளன. அழிவுப் பணியோ அண்மைக் காலம் வரை போதிய கவனம் பெறவில்லை. எனினும், அழிவுப் பணியைப் பற்றிய அறிவே புற்றுநோய் மருத்துவத்தில் ஒரு புதிய மருந்து வகையை அளித்தது. உயிரணு தன் கழிவுப் புரதங்களை அகற்றாதவாறு தடுத்து, அதனாலேயே புற்றணுவை மாயச் செய்யும் மருந்துகள் இவை. இவற்றுள் முதலாவதான போர்டெசோமிப் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று இந்திய நிறுவனங்கள் பலவும் அதனைத் தயாரிக்கின்றன.

மருந்து நாட்டிலேயே தயாராவதும், அதன் பயன் நோயாளியை முழுமையாகச் சென்றடைவதும் ஒன்றல்ல. இம்மருந்து எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தெளிவாக அறிந்தால்தான், அதனை எத்தனை முறை, எவ்வளவு, எங்கே வைத்துக் கொடுப்பது என்ற நிருவாகக் கேள்விகளுக்கு விடை காண இயலும். மாவட்ட மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்பட்டு வரும் இக்காலத்தில் இக்கேள்விகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

புரதங்களின் ஆக்கமும் அழிவும்

உண்ணும் உணவிலுள்ள புரதம் எரிபொருளாகச் செலவாகிறது என்றும், உடலின் புரதங்கள் ஒருமுறை அமைந்தபின் மாறுவதில்லை என்றும் 1930-களுக்கு முன்னர் பொதுவாகக் கருதப்பட்டது. நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் ஷோன்ஹைமர் இக்கருத்தை மாற்றினார். எடை மிகுந்த நைட்ரஜன் அணுக்களால் அடையாளமிட்ட அமினோ அமிலங்களை எலிகளுக்கு உணவாகக் கொடுத்து, அவை உடற்புரதங்களிற் சேர்வதை அவர் காட்டினார். உடலின் புரதங்கள் ஓயாது புதுப்பிக்கப்படுகின்றன என்பது இதனால் உறுதியாயிற்று.

அப்படியாயின் பழைய புரதங்கள் எங்கே, எவ்வாறு அழிகின்றன என்ற கேள்வி எழுந்தது. 1950-களில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் கண்டறிந்த லைசோசோம் என்னும் நுண்பைகள் இதற்கு ஒரு விடையாக அமைந்தன. ஆனால் அந்த விடை முழுமையானதன்று. சில புரதங்கள் சில நிமிடங்களே வாழ்கின்றன. வேறு சில பல நாட்கள் நிலைக்கின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே செரிக்கும் ஒரு பை இவ்வாறு பொறுக்கியெடுத்து அழிக்க முடியாது. மேலும், புரதத்தைச் சிதைப்பது ஆற்றலை வெளிப்படுத்தும் வினை. அவ்வாறிருக்க, உயிரணு அதற்கு ஆற்றலைச் செலவிடுவது ஏன் என்பதும் புதிராக இருந்தது.

அடையாளமிடும் முறை

இப்புதிரை விடுவித்தவர்கள் மூவர். இஸ்ரேலில் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தைச் சேர்ந்த அவ்ராம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீகனோவர் ஆகியோரும், அமெரிக்காவில் பிலடெல்பியாவிலுள்ள ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த இர்வின் ரோஸும் 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் இவ்வாய்வை நடத்தினர். இளம் சிவப்பணுக்களின் சாற்றை அவர்கள் இரு பகுதிகளாகப் பிரித்தனர். தனித்தனியே எந்தப் பகுதியும் புரதத்தைச் சிதைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தபோது சிதைவு நிகழ்ந்தது. ஒரு பகுதியில் இருந்த செயற்பொருள் 76 அமினோ அமிலங்களாலான சிறிய புரதம். யூபிகுவிட்டின் என்பது அதன் பெயர்.

அழிக்கப்பட வேண்டிய புரதத்தின்மேல் யூபிகுவிட்டின் சங்கிலி போலக் கோத்து ஒட்டப்படுகிறது. பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன் அதன் சுவரில் குறியிடுவதைப் போன்றது இது. எந்தப் புரதத்திற்குக் குறியிடுவது என்பதைத் தெரிவு செய்ய, மனித உயிரணுவில் 600-க்கும் மேற்பட்ட நொதிகள் உள்ளன. ஆற்றல் செலவாவது இவ்வாறு தெரிவு செய்து குறியிடவும், பின்னர்ப் புரதத்தைப் பிரித்து உட்செலுத்தவுமே ஆகும். இக்கண்டுபிடிப்புக்காக மூவருக்கும் 2004-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

குறியிட்ட புரதத்தைச் சிதைக்கும் அமைப்பு புரோட்டியாசோம் எனப்படும். அதன் நடுப்பகுதி பீப்பாய் வடிவினது. ஏழு உறுப்புகள் கொண்ட வளையங்கள் நான்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இப்பீப்பாய் அமைகிறது. இருமுனைகளிலும் உள்ள மூடி போன்ற பகுதிகள் குறியிட்ட புரதத்தை மட்டுமே உள்ளே விடுகின்றன. உள்ளே சென்ற புரதச் சங்கிலி சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. பின்னர் வேறு நொதிகள் அத்துண்டுகளை அமினோ அமிலங்களாக்குகின்றன. பீப்பாயின் உட்சுவரில் மூவகை வெட்டுமுனைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றே போர்டெசோமிப் மருந்தின் முதன்மை இலக்கு.

எலும்பு மஜ்ஜையில் தோன்றும் நோய்

இம்மருந்து முதன்மையாகப் பயன்படும் நோய் மல்டிபிள் மைலோமா என்பது. எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் இது உண்டாகிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள் புரதங்களை உற்பத்தி செய்வதே பிளாஸ்மா அணுவின் தொழில். ஒரு பிளாஸ்மா அணு ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள் மூலக்கூறுகளை வெளியிடக்கூடியது. அது புற்றணுவாக மாறிய பின்னரும் இவ்வுற்பத்தி பெரும்பாலும் நிற்பதில்லை. ஒரே வகையான, பயனற்ற புரதம் இரத்தத்தில் குவிகிறது.

இதன் விளைவுகள் நான்கு: எலும்பு அரிக்கப்பட்டு நொறுங்குதல், இரத்தத்தில் கால்சியம் மிகுதல், சிறுநீரகம் பழுதுறுதல், இரத்தச் சோகை. 2022-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1,88,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் எழுபது வயதை ஒட்டியவர்களின் நோய். இந்திய மருத்துவமனை ஆய்வுகளிலோ நோயாளிகளின் நடு வயது அதைவிட ஏறத்தாழப் பத்தாண்டு குறைவாகக் காணப்படுகிறது. குடும்பத்திற்கு உழைத்துப் பொருள் ஈட்டும் நிலையிலுள்ளோரை இந்நோய் தாக்குகிறது என்பதே இதன் பொருள்.

தடுப்பு மருந்தின் செயல்

புரோட்டியாசோம் எல்லா உயிரணுக்களிலும் உள்ளது. அதனைத் தடுத்தால் நல்ல அணுக்களும் மடியாவா என்ற ஐயம் இயல்பானது. மருந்தாய்வின் தொடக்கக் காலத்தில் அறிவியலாளர் பலரும் இந்த ஐயத்தையே எழுப்பினர். இதற்கான விடை அளவு வேறுபாட்டில் உள்ளது.

உற்பத்தி மிகுந்த ஆலையில் கழிவும் மிகுதி. எதிர்ப்பொருளை ஓயாது உற்பத்தி செய்யும் மைலோமா அணுவில், தவறாக மடிந்த புரதங்கள் பெருமளவில் தோன்றுகின்றன. அவற்றை அகற்றும் பணியில் அவ்வணுவின் புரோட்டியாசோம்கள் ஏற்கெனவே தம் முழுத் திறனை ஒட்டி இயங்குகின்றன. இந்நிலையில் அத்திறன் ஓரளவு குறைந்தாலும் கழிவு தேங்கிவிடும். தேக்கம் ஒரு வரம்பைக் கடக்கும்போது, அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் உள்ளமைந்த ஏற்பாடு தூண்டப்படுகிறது. பிற அணுக்களில் உற்பத்தி குறைவு. அகற்றும் திறன் உபரியாக உள்ளது. ஆகவே அவை தற்காலிகத் தடையைத் தாங்குகின்றன. அணுவின் வளர்ச்சியையும் பிழைப்பையும் தூண்டும் சில சைகைகள் புரோட்டியாசோமைச் சார்ந்திருப்பதால், அவை தடைப்படுவதும் புற்றணுவிற்குப் பாதகமாகிறது.

எனவே இம்மருந்தின் வெற்றி முழுத் தடையில் இல்லை. பகுதித் தடையில் உள்ளது. போர்டெசோமிப் மூலக்கூறில் போரான் தனிமம் உள்ளது. அந்தப் போரான் பகுதியே புரோட்டியாசோமின் வெட்டுமுனையைப் பற்றிக்கொள்கிறது. இப்பிணைப்பு மீளக்கூடியது, சில நாட்களில் புரோட்டியாசோமின் செயல் மீள்கிறது. இரு ஊசிகளுக்கிடையே குறைந்தது 72 மணி நேர இடைவெளி வேண்டும் என்ற விதி இதனால் ஏற்பட்டதே. நல்ல அணுக்கள் தம் கழிவை அகற்றிக்கொள்ள அளிக்கப்படும் அவகாசம் அது. நோயாளியின் வசதிக்காகவோ மருத்துவமனையின் விடுமுறைக்காகவோ அதனைச் சுருக்குதல் கூடாது.

ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு

இம்மருந்து புற்றுநோயை நோக்கித் தொடங்கிய முயற்சியின் பயனன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்ஃபிரெட் கோல்ட்பெர்க், கடும் நோய்களில் தசைகள் கரைந்துபோவது ஏன் என்பதை ஆராய்ந்து வந்தார். தசைப் புரதம் புரோட்டியாசோம் வழியாகவே பெரிதும் சிதைகிறது என்பதால், அதனைத் தடுத்தால் தசைக் கரைவு நிற்கும் என எதிர்பார்க்கப்பட்டது. இந்நோக்குடன் 1993-இல் ஒரு சிறு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜூலியன் ஆடம்ஸ் தலைமையிலான வேதியியலாளர் குழு அங்கே தடுப்பு மூலக்கூறுகளை உருவாக்கியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 60 வகைப் புற்றணுக்களில் அம்மூலக்கூறைச் சோதித்தபோது, அதன் புற்றுநோய் எதிர்ப்பாற்றல் வெளிப்பட்டது.

மனிதரிடம் நடத்தப்பட்ட முதற்கட்டச் சோதனையின் முடிவுகள் 2002-இல் வெளியாயின. முழுமையாக மதிப்பிடத்தக்க ஒன்பது மைலோமா வகை நோயாளிகளுள் ஒருவரிடம் நோயின் தடயம் முற்றிலும் மறைந்தது. ஏனைய எண்மரிடமும் நோயின் அளவு குறைந்தது. அடுத்த கட்டச் சோதனையில், பல சிகிச்சைகளுக்குப் பின்னும் நோய் முற்றியிருந்த 193 பேருள் 35 விழுக்காட்டினர் பயன் பெற்றனர். 2003 மே மாதம் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2005-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் 669 பேர் பங்கேற்றனர். பழைய மருந்தான டெக்சாமெதசோன் பெற்றோரில் 18 விழுக்காட்டினரும், போர்டெசோமிப் பெற்றோரில் 38 விழுக்காட்டினரும் பயன் பெற்றனர்.

இதனைத் தொடர்ந்து கார்ஃபில்சோமிப் 2012-இலும், வாய்வழி உட்கொள்ளும் இக்சாசோமிப் 2015-இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தாலிடோமைடு, லெனாலிடோமைடு ஆகிய மைலோமா மருந்துகளும் இதே புரதச் சிதைவு அமைப்பின் வழியாகவே இயங்குகின்றன என்பது 2010-க்குப் பின் தெரியவந்தது. ஆனால் அவற்றின் செயல் எதிர்த்திசையிலானது. புற்றணுவின் பிழைப்புக்குத் தேவையான குறிப்பிட்ட சில புரதங்களின்மேல் அழிவுக்குறி இடப்படுவதை அவை விரைவுபடுத்துகின்றன. இருவகை மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பதே இன்று பரவலான வழக்கம். லெனாலிடோமைடு, டெக்சாமெதசோன் ஆகியவற்றுடன் போர்டெசோமிப்பும் சேர்க்கப்பட்டபோது நடு உயிர்வாழ்வுக் காலம் 64 மாதங்களிலிருந்து 75 மாதங்களாக உயர்ந்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இம்மருந்துகளின் வரம்பையும் கூறுதல் வேண்டும். மைலோமாவிலும், மேன்ட்டில் அணு லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றிலும் இவை நிலைபெற்றுள்ளன. நுரையீரல், மார்பகம், பெருங்குடல் போன்ற உறுப்புகளில் தோன்றும் கட்டிகளில் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மைலோமாவிலும் பெரும்பாலோருக்கு நோய் அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்குகிறது. ஆயுளை நீட்டிக்கும், துன்பத்தைக் குறைக்கும் மருந்து இது. நோயை வேரறுக்கும் மருந்து எனக் கூறுவதற்கில்லை.

பின்விளைவுகளும் எளிய காப்புகளும்

நரம்புப் பாதிப்பே இம்மருந்தின் முதன்மையான தீய விளைவு. கை கால் விரல்களில் மதமதப்பு, எரிச்சல், வலி ஆகியவை தோன்றுகின்றன. தொடக்கத்திலேயே அறிந்து அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சீராகும். கவனியாது விட்டால் நடக்கவும் பொருளைப் பற்றவும் இயலாத நிலை ஏற்படலாம். உழவர், நெசவாளர், தையற்காரர் போன்றோருக்கு இது வாழ்வையே பறிப்பதாகும். ஒவ்வோர் ஊசிக்கு முன்னும் செவிலியர் நோயாளியிடம் இதுபற்றிக் கேட்டுக் குறித்துக்கொள்வதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

மருந்து செலுத்தும் முறையை மாற்றியே இத்தீங்கைக் குறைக்க முடியும் என்பது 2011-இல் நிறுவப்பட்டது. 222 பேரிடம் நடந்த அவ்வாய்வில், இரத்தக்குழாய் வழி மருந்து பெற்றோரில் 53 விழுக்காட்டினருக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. தோலடியில் ஊசி போடப்பெற்றோரில் அது 38 விழுக்காடே. மருந்தின் பயனில் குறைவு காணப்படவில்லை. தோலடி ஊசி வயிற்றிலோ தொடையிலோ போடப்படுவது; எளியது.

அக்கி நோய் தலைகாட்டுவது மற்றொரு விளைவு. 2005 ஆய்வில் இம்மருந்து பெற்றோரில் 13 விழுக்காட்டினருக்கு அக்கி கண்டது. அசைக்ளோவிர் மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம். பச்சைத் தேயிலையிலுள்ள ஒரு பொருள் மருந்தின் போரான் பகுதியுடன் பிணைந்து மருந்தைச் செயலிழக்கச் செய்வது ஆய்வுக்கூடச் சோதனைகளில் 2009-இல் காட்டப்பட்டது. உடல்நலத்திற்கு நல்லதென்று விளம்பரம் செய்யப்படும் பச்சைத் தேயிலைச் சாறுகளைச் சிகிச்சைக் காலத்தில் விலக்குமாறு நோயாளிக்குக் கூறுவது அவசியம். மருந்தைத் தண்டுவட உறைக்குள் தவறுதலாகச் செலுத்தியதால் உயிரிழப்புகள் நேர்ந்துள்ளன. ஆகவே தோலடிக்கும் இரத்தக்குழாய்க்கும் மட்டுமே உரியது என்று ஊசிக்குழலின்மேல் ஒட்டுச்சீட்டு இடுவது இன்றியமையாத விதியாகும்.

ஊசிகளின் எண்ணிக்கையும் நோயாளியின் செலவும்

நோயாளியின் செலவு மருந்தின் விலையோடு முடிவதில்லை. தொலைவிலுள்ள நகருக்குச் செல்லும் பயணச் செலவு, தங்குமிடம், உணவு, நோயாளியும் உடன் செல்பவரும் இழக்கும் கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே உண்மைச் செலவு. ஊசிகளின் எண்ணிக்கையே இதனைத் தீர்மானிக்கிறது.

இத்தாலியில் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவுகள் 2010-இல் வெளியாயின. தொடக்கத்தில் நோயாளிகளுக்கு வாரம் இருமுறை என்ற முறையில் ஒன்பது சுற்றுகளில் 52 ஊசிகள் திட்டமிடப்பட்டன. ஆய்வின் இடையில் திட்டம் மாற்றப்பட்டு, பின்னர்ச் சேர்ந்தோருக்கு வாரம் ஒருமுறை என 36 ஊசிகளே திட்டமிடப்பட்டன. கடுமையான நரம்புப் பாதிப்பு 28 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றாண்டு உயிர்வாழ்வோ ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது: முன்னவருள் 89 விழுக்காடு, பின்னவருள் 88 விழுக்காடு.

குறைவாகக் கொடுத்தும் பயன் குறையாதது எவ்வாறு? உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் முன்னவருக்குத் திட்டமிட்ட மொத்த அளவு 67.6 மில்லிகிராம், பின்னவருக்கு 46.8 மில்லிகிராம். ஆனால் உண்மையில் உடலிற் சேர்ந்தது இருசாராருக்கும் ஏறத்தாழ 40 மில்லிகிராமே. வாரம் இருமுறை பெற்றோரில் பலர், நரம்புப் பாதிப்பால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ நேர்ந்ததே காரணம். மிகுந்த இலக்கை நிருணயித்து அதனை எட்டாது போவதைவிட, தாங்கத்தக்க இலக்கை வகுத்து அதனை நிறைவேற்றுவது மேல் என்பதைத் திட்டமிடுவோர் நன்கறிவர். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட ஒப்பீடு அன்று என்ற குறை இவ்வாய்வில் உண்டு. எனினும் வாராந்தர முறை இன்று பல நாடுகளில் பரவலாகக் கைக்கொள்ளப்படுகிறது. 16 பயணங்கள் குறைவதால், உடன் செல்பவரையும் சேர்த்து ஒரு குடும்பத்திற்கு 32 வேலை நாட்களேனும் மிஞ்சும். நோய் கடுமையாக இருக்கும்போது, குறிப்பாகச் சிறுநீரகம் பழுதுற்ற நிலையில், தொடக்கத்தில் வாரம் இருமுறை தேவைப்படலாம். அதனை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு.

குப்பியின் அளவும் வீணாகும் மருந்தும்

போர்டெசோமிப் முதலில் 3.5 மில்லிகிராம் குப்பியில் வந்தது. உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 1.3 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 1.5 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள ஒருவருக்கு 1.95 மில்லிகிராம் போதும். எஞ்சிய 1.55 மில்லிகிராம், அதாவது குப்பியின் 44 விழுக்காடு, பயன்படாது கழிகிறது. கரைத்த மருந்தை எட்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்தியாக வேண்டும். அடுத்த வாரத்திற்கு வைத்திருக்க இயலாது.

இவ்விழப்பைக் குறைக்க வழிகள் இரண்டு. முதலாவது, சிறிய குப்பி. இந்தியச் சந்தையில் 2 மில்லிகிராம் குப்பி உள்ளது. மேற்கண்ட நோயாளிக்கு அதுவே ஏறத்தாழச் சரியாக அமையும். விலைப்புள்ளி கோரும்போது மில்லிகிராம் ஒன்றின் விலையை மட்டும் ஒப்பிடும் அலுவலர், பெரிய குப்பியே மலிவெனக் கருதக்கூடும். ஒரு நோயாளிக்கு ஒரு முறைக்கு ஆகும் செலவை ஒப்பிட்டால் முடிவு மாறலாம். இரண்டாவது, நாளை ஒழுங்குபடுத்துதல். இத்தகைய நோயாளிகள் ஏழு பேருக்குத் தனித்தனி நாட்களில் ஊசி போட்டால் 3.5 மில்லிகிராம் குப்பிகள் ஏழு தேவை. ஒரே நாளில் அழைத்தால் மொத்தத் தேவை 13.65 மில்லிகிராம், நான்கு குப்பிகள் போதும். தூய்மை விதிகளைப் பின்பற்றி மருந்தைப் பிரித்தெடுக்கும் பாதுகாப்புப் பேழையும் பயிற்சி பெற்ற மருந்தாளரும் இதற்குத் தேவை. வாரத்தில் ஒரு நாளை மைலோமா நாளாக அறிவிக்க ஓர் ஆணையே போதும்.

விலையும் கொள்முதலும்

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காது, செய்முறைக்கு மட்டுமே வழங்கியது. 2005-இல் பொருளுக்கும் காப்புரிமை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் வளர்ந்த தொழில்திறனே, சிக்கலான புற்றுநோய் மருந்துகளையும் உள்நாட்டில் தயாரிக்கும் வலிமையை இந்தியாவுக்கு அளித்தது. பிரிட்டனில் ஒரு குப்பியின் விலை 762 பவுண்டாக இருந்தபோது, அரசின் மதிப்பீட்டு நிறுவனம் முதலில் அதனை ஏற்கத் தயங்கியது. நான்கு சுற்றுகளுக்குப் பின்னும் போதிய பயன் காணாத நோயாளிக்கான மருந்துச் செலவைத் தயாரிப்பாளரே ஈடுசெய்வதென 2007-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அனுமதி கிடைத்தது. பயனுக்கேற்ற விலை என்ற இக்கோட்பாடு, காப்புரிமை பெற்ற புதிய மருந்துகளைக் கொள்முதல் செய்யும்போது இந்தியாவிலும் ஆராயத்தக்கது.

2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அட்டவணையிலுள்ள மருந்துகளுக்கு உச்ச விலை வரம்பை விதிக்கிறது. 2019 பிப்ரவரியில் அட்டவணையில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபம் 30 விழுக்காட்டிற்கு உட்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் போர்டெசோமிப்பைத் தன் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. டாட்டா நினைவு மையத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, பல மருத்துவமனைகளின் தேவையை ஒன்றுதிரட்டி 40 மருந்துகளுக்கு விலை பேசியதில் ஏறத்தாழ 1,320 கோடி ரூபாய் மிச்சமானது. இது 82 விழுக்காட்டுச் சேமிப்பு. விலைக் கட்டுப்பாட்டைவிடக் கூட்டுக் கொள்முதல் எவ்வளவு ஆழமாகச் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்று.

மாவட்ட அளவில் செய்யத்தக்கவை

2025-26-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும் என்றும், முதலாண்டில் 200 மையங்கள் அமையும் என்றும் அறிவித்தது. தோலடியில் சில நொடிகளில் போடத்தக்கதும், வாரம் ஒருமுறை போதுமானதும், சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் அளவு மாற்றாது கொடுக்கத்தக்கதுமான போர்டெசோமிப் இம்மையங்களுக்கு மிகவும் பொருந்துவதாகும். நோயை உறுதி செய்தல், மருந்துச் சேர்க்கையை வகுத்தல், முன்னேற்றத்தை மதிப்பிடுதல் ஆகியவற்றை மண்டலப் புற்றுநோய் நிலையம் மேற்கொள்ளலாம். வாராந்தர ஊசியும் இரத்தச் சோதனையும் நரம்புப் பாதிப்பைக் கண்காணித்தலும் மாவட்டத்தில் நடைபெறலாம்.

இவ்வேற்பாட்டின் முதற்படி நோயறிதல். மைலோமா நோயாளி முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் செல்வதில்லை. முதுகு வலிக்காக எலும்பு மருத்துவரிடமும், சோர்வுக்காகப் பொது மருத்துவரிடமும், கால் வீக்கத்திற்காகச் சிறுநீரக மருத்துவரிடமும் செல்கிறார். முதுகெலும்புத் தேய்வு என்றோ காசநோய் என்றோ கருதப்பட்டு மாதங்கள் கழிகின்றன. ஐம்பது வயதை ஒட்டியவருக்கு நீங்காத எலும்பு வலியும் இரத்தச் சோகையும் சேர்ந்து காணப்பட்டால், இரத்தப் புரதங்களைப் பிரித்தறியும் மின்பகுப்புச் சோதனையைச் செய்வதென்ற வழக்கம் மாவட்ட மருத்துவமனைகளில் வேரூன்றுதல் வேண்டும். சிறுநீரகம் செயலிழக்குமுன் கண்டறியப்பட்ட நோயாளிக்கும், இரத்தச் சுத்திகரிப்புக்கு உள்ளான பின் கண்டறியப்பட்ட நோயாளிக்கும் ஆகும் செலவு வேறுபாடு மிகப் பெரிது. அவ்வேறுபாடு குடும்பத்தின் கடனாகவோ அரசின் காப்பீட்டுச் செலவாகவோ முடிகிறது.

கழிவை அகற்றும் திறன் ஓரளவு குன்றியதும் மைலோமா அணு நிலைகுலைகிறது. இம்மருந்து அந்தச் சிறிய இடைவெளியிலேயே இயங்குகிறது. மருந்தின் சமூகப் பயனும் அவ்வாறே சிறிய ஏற்பாடுகளைப் பொறுத்தது. ஊசியின் இடைவெளி, குப்பியின் அளவு, சிகிச்சைக்கான நாள், ஊசி போடும் இடம், உரிய காலத்தில் செய்த ஒரு சோதனை ஆகியவற்றுள் எதுவும் பெருமுதலீட்டை வேண்டுவதன்று. மருந்தை உற்பத்தி செய்வதில் நாடு தன்னிறைவு கண்டுவிட்டது. அதனைத் தொலைவிலுள்ள சிற்றூரின் நோயாளிக்கு வீணின்றியும் தீங்கின்றியும் கொண்டு சேர்ப்பதே இனி மருத்துவ நிருவாகத்தின் முன்னுள்ள பணியாகும்.